உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் போதும்: செல்லுக்குள் எது போகிறது, எது வருகிறது என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழிகாட்டி

பிளஸ் ஒன் உயிரியலில் சவ்வூடுபரவல், விரவல், செயல்மிகு கடத்தல் என்று வரிசையாக வரும். பெரும்பாலான பிள்ளைகள் வரையறையை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். நம் நீலகிரியில் இந்தப் பாடத்துக்கு வேண்டிய எல்லாமே காய்கறிக் கடையிலும் தோட்டத்திலும் கிடக்கிறது. பாடத்தை முதல் தடவையாகத் தொடுகிற மாணவருக்கும், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் அம்மா அப்பாவுக்கும், லேப் வசதி இல்லாத பள்ளியில் வேலை பார்க்கிற ஆசிரியருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சோதனை செய்தாலும் உயிருள்ள துண்டு ஒன்று, வெந்நீரில் போட்டுச் சாகடித்த துண்டு ஒன்று என இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். யூடியூபில் வருகிற சோதனைகளில் பாதி இதைச் செய்வதில்லை, அதனால் பார்க்கிறவருக்கு இது ஏதோ ஊறுகிற விஷயம் என்ற எண்ணம்தான் வருகிறது. ஊறுவது செத்த பொருளிலும் நடக்கும். செல்லின் சவ்வு எதை விடுகிறது, எதைத் தடுக்கிறது என்பது அது உருக்குலையாமல் இருந்தால்தான் தெரியும்.

என்னென்ன வேண்டும்

இரண்டு உருளைக்கிழங்கு (குஃப்ரி ஜோதி இருந்தால் நல்லது, எதுவானாலும் பரவாயில்லை, ஆனால் கடையில் கிடந்து வாடியது வேண்டாம்), ஒரு பீட்ரூட், தூள் உப்பு, கண்ணாடி டம்ளர் ஆறு ஏழு, கத்தி, ஸ்கேல், கொஞ்சம் சைனா கிராஸ், கேசரிப் பவுடர் அல்லது பேனா மை. 0.1 கிராம் வரை காட்டும் சின்ன எடை மெஷின் இருந்தால் ரொம்ப நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். கல் உப்பு வேண்டாம், ஒரு கரண்டிக்கும் இன்னொரு கரண்டிக்கும் அளவு மாறும்.

முதலில் விரவல், ஆனால் டம்ளரில் மை விட்டு அல்ல

தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டு, பார், பரவுகிறது, இதுதான் விரவல் என்று காட்டுவது வழக்கம். அது சரியில்லை. நீங்கள் பார்க்கிற அந்த வால் வாலான கோடுகள் தண்ணீரின் ஓட்டத்தால் வருபவை, மையின் எடையும் அதை இழுக்கிறது. உண்மையான விரவல், அதாவது மூலக்கூறுகள் தாமாக அலைந்து அலைந்து அடர்த்தி கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுவது, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் படு மெதுவானது.

அதனால் சைனா கிராஸைக் காய்ச்சி ஒரு தட்டில் கெட்டியாக ஊற்றி ஆறவிடுங்கள். ஜெல்லுக்குள் தண்ணீர் ஓட முடியாது, மூலக்கூறு மட்டும் நகர முடியும். பிறகு 1 செ.மீ. பக்கமுள்ள கட்டி ஒன்று, 3 செ.மீ. பக்கமுள்ள கட்டி ஒன்று வெட்டி இரண்டையும் கலர் தண்ணீரில் ராத்திரி முழுக்க மூழ்க வையுங்கள். காலையில் நடுவில் வெட்டிப் பாருங்கள். சின்னதில் நிறம் நடு வரை போயிருக்கும் அல்லது போகிற நிலையில் இருக்கும், பெரியதில் நடுவே வெளுத்துக் கிடக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், விரவலில் தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். ஒரு சிறிய மூலக்கூறு தண்ணீரில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரம், அதாவது ஒரு சாதாரண செல்லின் அகலம், போக ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட தாராளம். அதே மூலக்கூறு 1 செ.மீ. போக அரை நாளுக்கு மேல் ஆகும். 1 மீட்டர் போக வருடக் கணக்கு. செல்கள் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன என்பதற்கு ஒரு முக்கியமான காரணம் இதில் இருக்கிறது. அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானியர் 1855-இல் இந்தக் கணக்கை எழுதினார், இன்றும் அதையேதான் பயன்படுத்துகிறோம்.

ஊட்டிக் குளிரில் செய்தால் இன்னும் மெதுவாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 10 டிகிரித் தண்ணீரில் வேகம் 30 டிகிரியில் இருப்பதில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூடுதல். டிசம்பரில் செய்கிறவர்கள் அடுப்படி ஓரமாக வையுங்கள்.

உருளைக்கிழங்கு: இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள்

தோலைச் சீவிவிட்டு, 5 செ.மீ. நீளத்தில் விரல் பருமனை விட ஒல்லியான துண்டுகளாக ஒரே அளவில் வெட்டுங்கள். பாதித் துண்டுகளை எடுத்து வையுங்கள், மீதிப் பாதியைக் கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். குழைய விடக் கூடாது, செல்கள் செத்தால் போதும், அதற்குக் குக்கர் எல்லாம் தேவையில்லை.

இப்போது மூன்று வகைத் தண்ணீர். ஒன்று வெறும் தண்ணீர். இரண்டாவது, அரை லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு. மூன்றாவது, ஒரு டம்ளர் தண்ணீரிலேயே (200 மி.லி.) அதே ஒரு தேக்கரண்டி உப்பு. மூன்று டம்ளரில் பச்சைத் துண்டும், இன்னும் மூன்றில் வேகவைத்த துண்டும் போடுங்கள். எடை மெஷின் இருந்தால் போடும் முன் துணியில் ஒற்றி எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டையும் தனியாக நிறுக்காமல் நாலைந்தைச் சேர்த்து நிறுத்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து மடக்கிப் பாருங்கள். வெறும் தண்ணீரில் கிடந்த பச்சைத் துண்டு விறைத்திருக்கும், வளைத்தால் டப்பென்று உடையும், எடையும் ஏறியிருக்கும். நடு டம்ளரில் பெரிய மாற்றம் இருக்காது. உப்பு அதிகமான டம்ளரில் இருந்தது தொய்ந்து, உடையாமல் ரப்பர் மாதிரி வளையும், எடை இறங்கியிருக்கும். சரி, வேகவைத்த துண்டுகள்? எந்த டம்ளரில் இருந்தாலும் கொழகொழவென்றுதான் இருக்கும், வெறும் தண்ணீரில் போட்டதும் விறைக்காது.

இந்தக் கடைசிப் பார்வைதான் எனக்கு முக்கியம். உயிருள்ள செல்லைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது, அது தண்ணீரை விடுகிறது, உப்பையும் சர்க்கரையையும் எளிதில் விடுவதில்லை. உள்ளே கரைந்த பொருள் அதிகமாக இருந்தால் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வரும், செல் உப்பி செல் சுவரை முட்டும், அந்த முட்டலுக்குத்தான் விறைப்பு அழுத்தம் என்று பெயர். வெளியே உப்பு அதிகமானால் தண்ணீர் வெளியேறும். இப்படிச் சவ்வின் வழியே தண்ணீர் நகர்வதுதான் சவ்வூடுபரவல். வெந்த செல்லில் சவ்வு கிழிந்துவிட்டது, தடுக்க ஆள் இல்லை, அதனால் விறைக்கவும் வழியில்லை.

தொய்ந்த பச்சைத் துண்டை உடனே வெறும் தண்ணீரில் மாற்றிப் போடுங்கள். பெரும்பாலும் பழையபடி விறைத்துவிடும். உப்புநீரில் ராத்திரி முழுக்க விட்டிருந்தால் திரும்பாது, அதற்குள் செல் செத்திருக்கும்.

உலர் திராட்சையைத் தண்ணீரில் போட்டு உப்பவைக்கும் சோதனை பல பாடங்களில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அது பரவாயில்லை, ஆனால் காய்ந்த திராட்சையில் உயிருள்ள சவ்வு கிடையாது. வினிகரில் ஓடு கரைத்த முட்டையும் அப்படித்தான், அங்கே நீங்கள் பார்ப்பது ஓட்டுக்கு அடியில் இருக்கும் தோலை, செல் சவ்வை அல்ல. உருளைக்கிழங்கு இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

தோட்ட வேலை தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். கேரட்டுக்கு உரம் தூக்கலாகப் போட்டால் செடி கருகிவிடும் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். உரமும் உப்புதான். வேரைச் சுற்றி மண்ணின் ஈரத்தில் அது அளவுக்கு மீறிக் கரைந்தால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, ஈரம் இருக்கும்போதே செடி வாடும். உங்கள் மூன்றாவது டம்ளரில் நடந்தது அதுதான்.

பீட்ரூட்: சவ்வு கிழிவதைக் கண்ணால் பார்ப்பது

பீட்ரூட்டின் சிவப்பு செல்லுக்குள்ளே வாக்குவோல் என்ற பையில் இருக்கிறது. அது வெளியே வர வேண்டுமானால் வாக்குவோலின் சவ்வையும் செல்லின் சவ்வையும் தாண்ட வேண்டும். எனவே தண்ணீர் சிவப்பானால் சவ்வுகள் போச்சு என்று அர்த்தம்.

ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டி, நிறம் வருவது நிற்கும் வரை பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். இதை விட்டுவிட்டால் கத்தி பட்டு உடைந்த செல்களின் சாயம் எல்லாவற்றையும் குழப்பிவிடும். அப்புறம் குழாய்த் தண்ணீர், மிதமான சூடு, நல்ல சூடு என்று மூன்று டம்ளரில் போட்டு இருபது நிமிடம் காத்திருங்கள்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு. கொதிநீரும் பச்சைத் தண்ணீரும் பாதிப் பாதி கலந்தால் சமவெளியில் 65 டிகிரி வரும். ஆனால் ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குழாய்த் தண்ணீரும் 15 டிகிரியை ஒட்டி இருக்கும், ஆகவே பாதிப் பாதி கலந்தால் 54 டிகிரிதான். இரண்டு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் சேர்த்தால் 67 வரும். டம்ளர் கொஞ்சம் சூட்டைத் தின்னும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் எழுதிய செய்முறையை அப்படியே இங்கே செய்துவிட்டு ஏன் சிவக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

குழாய்த் தண்ணீரில் இருப்பது லேசாக மட்டும் நிறம் மாறும், 67 டிகிரியில் இருப்பது அடர் சிவப்பாகிவிடும். நடுவில் இருப்பது எல்லைக்கோடு. சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது (1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் இருவரும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்துப் பரப்பிப் பார்த்து இதைச் சொன்னார்கள்), அதன் நடுவே புரதங்கள் பதிந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு லட்சம் சவ்வுகளுக்கு மேல் அடுக்கலாம், அவ்வளவு மெல்லியது. சூட்டில் கொழுப்பு இளகுகிறது, புரதம் உருக்குலைகிறது, சாயம் வெளியே கொட்டுகிறது.

இன்னொரு துண்டை ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்து எடுத்து, குழாய்த் தண்ணீரில் போடுங்கள். சூடே இல்லாமல் தண்ணீர் சிவக்கும். இதைச் செய்தபின் காந்தலிலும் தலைகுந்தாவிலும் உறைபனி விழுந்த மறுநாள் செடிகள் ஏன் கருகிக் கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே இருக்கும் இடைவெளியில் உறைகிறது. அது உள்ளேயிருந்து தண்ணீரை இழுக்கிறது, செல் சுருங்கிச் சவ்வு சிதைகிறது, வெயில் ஏறிப் பனி உருகும்போது உள்ளே இருந்ததெல்லாம் ஒழுகி இலை கறுத்துவிடும். பனியில் செடி சாவதில் பெரும் பகுதி இப்படித் தண்ணீர் இழந்து சாவதுதான்.

சவ்வு கிழிவதை வைத்தே பிழைக்கிற ஊர் இது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பறித்த தேயிலைக் கொளுந்தை ஃபேக்டரியில் 12 முதல் 18 மணி நேரம் வாட்டுகிறார்கள், தண்ணீர் போய் விறைப்பு குறைந்து இலை துவளும். பிறகு மெஷினில் நசுக்கும்போது வாக்குவோலில் இருந்த கேட்டச்சின் என்ற பொருள்களும், அதுவரை வேறு அறையில் இருந்த நொதியும் முதல் தடவையாகச் சந்திக்கின்றன, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பச்சை இலை செம்பழுப்பாக மாறுகிறது. கிரீன் டீக்கு முதலிலேயே சூடு காட்டி நொதியை அடக்கிவிடுவார்கள், அதனால்தான் அது பச்சையாகவே நிற்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டை நசுக்கினால் மட்டும் அந்தக் காட்டமான வாசனை வருவதும் இதே கதை, முழுப் பல்லில் அந்த இரண்டு பொருளும் தனித்தனி அறையில் இருக்கின்றன.

மைக்ரோஸ்கோப் கிடைத்தால்

பள்ளியில் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் காகிதத்தில் மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப்பும் ஆகும். தொட்டியில் வளர்க்கிற ரியோ செடியின் இலையைக் கிழித்து, அடிப்புறத்து ஊதாத் தோலை மெல்லிசாக உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வையுங்கள். ரியோ இல்லையென்றால் சிவப்பு வெங்காயத்தின் ஊதாத் தோல். கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் 5 சதவீத உப்புநீர் விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ பேப்பரால் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் ஊதாப் பை செல் சுவரை விட்டு விலகிச் சுருங்குவதைப் பார்க்கலாம். சுவர் அப்படியே நிற்கும். இதற்குப் பிளாஸ்மா சிதைவு என்று பெயர். உப்புநீரை மாற்றி வெறும் தண்ணீர் விட்டால் பை மெல்லத் திரும்ப விரியும். வெந்நீரில் முக்கிய தோலில் இது எதுவும் நடக்காது.

நம் உடம்பின் செல்லுக்குச் சுவர் கிடையாது. சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் 0.9 சதவீதம் உப்பு இருப்பது அதற்காகத்தான்.

தண்ணீருக்குத் தனி வாசல்

தண்ணீர் சவ்வைத் தாண்டுகிற வேகம் கொழுப்பு அடுக்கு விடுகிற அளவை விட ரொம்ப அதிகம் என்பது பலரையும் குழப்பிக்கொண்டே இருந்தது. 1992-இல் பீட்டர் அக்ரேயின் குழு சிவப்பணுவில் கண்டெடுத்த ஒரு புரதத்தைத் தவளை முட்டையில் உருவாக வைத்து, அந்த முட்டையை நீர்த்த கரைசலில் விட்டுப் பார்த்தது. சாதாரண முட்டை அப்படியே இருந்தது, புரதம் உள்ள முட்டை உப்பி வெடித்தது. அதுதான் அக்வாபோரின். ஒரு வாசல் வழியாக ஒரு நொடிக்கு 300 கோடி அளவில் தண்ணீர் மூலக்கூறுகள் போகும், வேறெதையும் விடாது. 2003-இல் அக்ரேவுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

வாசலில் நுழையாத பெரிய சரக்கைச் செல் பொட்டலம் கட்டி அனுப்பும். சவ்வின் ஒரு பகுதி உள்பக்கம் குழிந்து பொருளைச் சூழ்ந்துகொண்டு பையாகக் கிள்ளிக்கொண்டு வரும், அதேபோல் உள்ளிருந்து வரும் பை சவ்வோடு ஒட்டித் திறந்து சரக்கை வெளியே விடும். ஈரமான புல்வெளிகளில் தரையோடு வளரும் ட்ரோசீராவைப் பார்த்திருப்பீர்கள், பூச்சியைப் பிடித்துச் செரிக்கும் செடி. அதன் சுரப்பிச் செல்கள் செரிமான நொதிகளை வெளியே விடுவதும் இப்படித்தான். பார்க்க ஒரு லென்ஸ் போதும், பிடுங்க வேண்டாம்.

கடைசியாக, காசு கொடுத்து நடக்கிற போக்குவரத்து: செயல்மிகு கடத்தல்

இதுவரை பார்த்ததில் பொட்டலத்தைத் தவிர மற்றதெல்லாம் செல்லுக்குச் செலவில்லாதது, அடர்த்தி சரிகிற பக்கம் தானாக நடப்பது. ஆனால் மண்ணில் கொஞ்சமாக இருக்கிற பொட்டாசியத்தை வேர் தனக்குள் பல மடங்கு சேர்த்து வைக்கிறதே, அது எப்படி? கீழ்த் தொட்டித் தண்ணீரை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்ற மோட்டார் வேண்டும், கரண்ட் வேண்டும். செல்லின் மோட்டார், சவ்வில் பதிந்த பம்புப் புரதங்கள்; அதன் கரண்ட், ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு.

இதை டம்ளரில் காட்டுவது கஷ்டம், தோட்டத்தில் காட்டலாம். மழைக்காலத்தில் வடிகால் சரியாக வெட்டாத பாத்தியில் தண்ணீர் தேங்கினால் செடி மஞ்சளாகி வாடும். தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடுகிறதே என்று பார்க்கிறவருக்கு வியப்பாக இருக்கும். தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து 30 ஏடிபி அளவுக்குக் கிடைக்கும், இல்லாவிட்டால் 2தான். பம்புகள் படுத்துவிடும், நைட்ரேட்டும் பொட்டாசியமும் உள்ளே வராது, வேர்ச் செல்லுக்குள் அமிலம் ஏறி அக்வாபோரின் வாசல்களும் மூடிக்கொள்ளும். அதனால் வடிகால் வெட்டுவதை வேருக்கு மூச்சு விட வழி செய்வதாகவே எண்ணுங்கள்.

நம் செல்களிலும் இதே மாதிரி பம்பு உண்டு. ஜென்ஸ் ஸ்கவ் 1957-இல் நண்டின் நரம்பில் கண்டுபிடித்தது, ஒரு ஏடிபிக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவரும். சும்மா படுத்திருக்கும்போதும் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இதற்கே போகிறது.

இதன் பலனை வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கலாம். இந்தப் பம்பு குடல் செல்லுக்குள் சோடியத்தைக் குறைவாகவே வைத்திருப்பதால், குடலில் இருக்கும் சோடியம் உள்ளே வரத் துடிக்கும். அது வரும் வாசலில் குளுக்கோஸும் கூட இருந்தால்தான் கதவு நகரும், இரண்டு சோடியத்தோடு ஒரு குளுக்கோஸ். ராபர்ட் கிரேன் 1960-இல் இதைச் சொன்னார். இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். காலராவில்கூட இந்த வாசல் கெடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் வெளியிட்ட அளவில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் ட்ரைசோடியம் சிட்ரேட்.

ஆகவே பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில் கரையுங்கள். பிள்ளை குடிக்க மாட்டேன் என்கிறது என்று மேலே சர்க்கரை சேர்க்காதீர்கள். குடலில் சர்க்கரை கூடிவிட்டால், உப்பு டம்ளரில் கிழங்குக்கு நடந்த மாதிரி, உடம்பின் தண்ணீர் குடலுக்குள் இழுபட்டுப் போக்கு அதிகமாகும். தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் கலப்பதும் அதே ஆபத்துதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியில் கொடுங்கள், 24 மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். பிள்ளை சோர்ந்து போனாலோ, குடிக்கவே முடியாமல் போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.